சுகர் இருக்கிறவர்கள் வீட்டில் ஜூஸ் போட்டுக் குடிக்க முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. வீட்டில் ஜூஸ் போடுவதை இரண்டு முறை தப்பாகத் தொடங்கி, மூன்றாவது முறைதான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். அதற்கு அப்புறம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் புதிதாகச் சுகர் வந்தவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "எந்த ஜூஸ் சுகருக்கு நல்லது?" என்று முதலில் கேட்கிறார்கள். அது நாலாவதாகக் கேட்க வேண்டியது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மீட்டர் வீட்டில் இருக்கிறதா, டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும், இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் காய்கறி வாங்கப் பையைத் தூக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதையும் இதில் சொல்லப் போவதில்லை, நீங்களும் ஜூஸை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

1. முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள்

ஒரே ஜூஸ் ஒருவருக்குச் சாதாரணமாகவும் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அவர்கள் சாப்பிடும் மருந்துதான். சீட்டில் உள்ள பெயர்களைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இல்லையென்றால் இன்சுலின் இருந்தால், சாப்பாடு குறைந்த அன்றைக்கு சுகர் கீழே இறங்கிவிடும். இவர்கள் இட்லிக்குப் பதிலாக ஒரு டம்ளர் காய் ஜூஸைக் குடித்துவிட்டு மாத்திரையையும் போட்டால் லோ சுகர் வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் வோக்லிபோஸ் மூன்றாவது மருந்தாகச் சேர்ந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இருந்தால் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். பதினோராவது படியில் அது வேண்டும்.

அடுத்தது கிட்னி. சுகர் பல வருடம் இருந்தால் கிட்னி பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு, ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின் இந்த மூன்றும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கிட்னி சரியில்லாதவர்களுக்கு இளநீர், தக்காளி, ஆரஞ்சு, வாழைத்தண்டு ஜூஸில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கிவிடும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும்.

கர்ப்பகால சுகர், சிறுவயதிலேயே வந்து இன்சுலினில் இருப்பவர்கள், சாப்பிட்டது வயிற்றிலேயே தங்குகிற தொந்தரவு உள்ளவர்கள், இவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டாம்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

குளுக்கோமீட்டர், காலாவதி ஆகாத ஸ்ட்ரிப், ஒரு நாற்பது பக்க நோட்டு, மிக்ஸி, ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பவுடர். இவ்வளவுதான். ஜூஸ் பிழிவதற்கென்று விலை கூடிய மெஷின் வாங்க நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கையைத் தனியாகத் துப்பிவிட்டுச் சாற்றை மட்டும் தரும் மெஷின் நமக்குத் தேவையானதைத்தான் வெளியே தள்ளுகிறது.

ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்படி ஜன்னலிலோ வண்டியின் டிக்கியிலோ வைக்காதீர்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அது தாங்காது. டப்பாவின் மூடியையும் எடுத்த உடனே மூடிவிடுங்கள், ஈரம் பட்டால் ரீடிங் தப்பும்.

3. டம்ளரில் கோடு போடுங்கள்

இது சின்ன வேலை. இதைச் செய்யாதவர்களுக்கு மற்ற எதுவுமே கணக்கில் நிற்பதில்லை. நம் வீடுகளில் உள்ள எவர்சில்வர் டம்ளர்கள் 200 மில்லி பிடிக்கும், 250 பிடிக்கும், சீர்வரிசையில் வந்த பெரிய டம்ளர் 350 கூடப் பிடிக்கும். "ஒரு டம்ளர்தான் குடித்தேன்" என்று மூன்று பேர் சொன்னால் மூன்று அளவு.

இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் 10 மில்லி அளவு இருக்கும். அதனால் பதினைந்து மூடித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் 150 மில்லி. தண்ணீர் நிற்கும் இடத்தில் வெளிப்பக்கமாக நகப்பூச்சால் ஒரு கோடு. அம்மாவின் டம்ளரில் சிவப்புக் கோடு ஒன்று, அதற்குக் கீழே 75 மில்லியில் இன்னொன்று. ஆறு வருடமாக அதே டம்ளர், கோடு மங்கினால் திரும்பப் பூசிவிடுவோம். காய் ஜூஸ் மேல் கோடு வரைக்கும், பழம் சேர்ந்தால் கீழ்க் கோடு வரைக்கும். கண்பார்வை மங்கியவர்களுக்கும் சிவப்பு நன்றாகத் தெரிகிறது.

4. எதில் தொடங்குவது

சாற்றில் சுகரை ஏற்றுவது அதில் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும்தான், அதனால் குறைவாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பழத்தில் தொடங்கிவிட்டுக் கீழே இறங்கி வர நினைத்தால் நாக்கு கேட்காது. இனிப்புக்குப் பழகின நாக்குக்குத் தடியங்காய், அதாவது வெண்பூசணிச் சாறு பச்சைத் தண்ணீராகத்தான் தெரியும்.

முதல் பத்து நாள் எலுமிச்சை மட்டும். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை நல்ல சாறு உள்ளது, அரைப் பழம் 150 மில்லிக்குப் போதும். தட்டின இஞ்சி, நாலு புதினா இலை, ஒரு சிட்டிகை உப்பு. மாவுச்சத்து இரண்டு கிராம் அளவுதான் வரும், சீனி போடாதவரைக்கும். இதையே முதலில் வைப்பதற்குக் காரணம், இனிப்பில்லாமல் குடிக்கப் பழகுவதுதான். பிரஷர் உள்ளவர்கள் உப்பையும் விட்டுவிட்டுச் சீரகத்தூள் போடுங்கள்.

அப்புறம் மோரில் அரைப்பவை. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லையிலும் நூல் நூலாக வரும், அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு உடனே மோரில் போடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். தாமிரபரணிப் பாசனத்தில் வாழைக்குக் குறைவில்லை, குலை வெட்டின தோட்டத்தில் கேட்டால் தண்டு சும்மாவே கிடைக்கும். நெல்லிக்காய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து, மோர், இதுவும் நல்ல கூட்டு. பெரிய நெல்லிக்காயைச் சொல்கிறேன்.

தடியங்காய், வெள்ளரிக்காய், தக்காளி மூன்றும் 100 கிராமுக்கு மூன்று நாலு கிராம் மாவுச்சத்து உள்ளவை. தாராளமாகச் சுற்றில் வைத்துக்கொள்ளலாம், கிட்னி சரியாக இருந்தால். காரட்டும் பீட்ரூட்டும் 100 கிராமுக்குப் பத்துக் கிராம் அளவுக்குப் போய்விடும். "காய்தானே" என்று கால் கிலோ காரட்டை அரைத்தால் ஒருவேளைச் சிற்றுண்டியின் மாவுச்சத்தே உள்ளே போய்விடுகிறது. ஒரு சின்னக் காரட்டோடு முக்கால் பங்கு வெள்ளரிக்காய் என்று போடுங்கள்.

இளநீர் தனிக்கதை. 100 மில்லிக்கு மூன்று நாலு கிராம் சர்க்கரைதான் இருக்கும், கிட்னி நன்றாக இருக்கிறவர்கள் எப்போதாவது ஒன்று குடிக்கலாம். வழுக்கையை ஜூஸோடு சேர்த்து அடித்துத் தருவதை வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் பெரும்பாலும் சீனி சேர்த்துவிடுகிறார்கள்.

5. அரைக்கும் முன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள்

சுரைக்காய், தடியங்காய், வெள்ளரிக்காய் எதுவானாலும் நறுக்கினதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். கசப்புப் பகுதியை மட்டும் சீவி எறிவது, தேன் கலந்து குடிப்பது எதுவும் கூடாது. இந்தக் குடும்பத்துக் காய்களில் குகுர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் சில சமயம் கூடிவிடும், அதன் அடையாளம்தான் கசப்பு. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய் ஜூஸைக் குடித்த ஒருவர் இறந்தார், அவரும் சுகர் நோயாளி, உடம்புக்கு நல்லது என்றுதான் குடித்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்துப் பார்த்து, கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது, வேறு சாறுகளோடு கலக்கவும் கூடாது என்று சொன்னது. இதற்கு முறிவு மருந்து கிடையாது. குடித்த பிறகு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஒரு நிமிடமும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாகற்காய் கசக்கத்தான் செய்யும், அது வேறு கசப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "கசந்தால்தான் சுகருக்கு நல்லது" என்று சுரைக்காயையும் குடிக்கிறார்கள். எனக்குப் பெரிய பயமே இதில்தான்.

இன்னொன்றும் உண்டு. கேரளத்தில் இரும்பன் புளி என்பார்களே, மரத்தின் அடித்தண்டிலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்குமே, அதையும் ஸ்டார் ஃப்ரூட்டையும் ஜூஸாகப் போடாதீர்கள். இரண்டிலும் ஆக்ஸலேட் மிக அதிகம், அதன் சாற்றைக் குடித்துக் கிட்னி பழுதானவர்கள் உண்டு. பச்சைக் கீரையைத் தினமும் கட்டுக்கட்டாக அரைத்துக் குடிப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. கீரையைக் கடைந்து சாப்பிடுங்கள்.

6. அரைப்பதும் வடிகட்டாமல் இருப்பதும்

பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார் இருக்கிறது, நேரம் எடுக்கிறது, வயிறு மெதுவாக உள்ளே விடுகிறது. சாறு அப்படி இல்லை, நேராக இறங்கி ரத்தத்தில் ஏறிவிடும். ஒரு சாத்துக்குடியைச் சுளை சுளையாகச் சாப்பிடுகிறவர், அதையே பிழிந்தால் ஒரு டம்ளருக்கு மூன்று நாலு போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரைக்கு அளவு சொன்னபோது, பழச்சாற்றில் இயற்கையாக உள்ள சர்க்கரையையும் நாம் போடும் சீனியோடு ஒரே கணக்கில் வைத்தது.

ஆகவே மிக்ஸியில் அரைத்து, தண்ணீரோ மோரோ சேர்த்து, சக்கையோடு குடியுங்கள். தொண்டையில் இறங்காத திப்பியாக இருந்தால் இன்னொரு சுற்று ஓட்டுங்கள், வடிகட்டியைத் தேடாதீர்கள். மெதுவாக, பத்து நிமிடம் எடுத்துக் குடியுங்கள்.

இனிப்பு விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு தப்பான நம்பிக்கை. சீனிதான் கெடுதல், கருப்பட்டி பரவாயில்லை, தேன் மருந்து. உடன்குடிக் கருப்பட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். தேன் இன்னும் கனமானது. ஒரு மேஜைக்கரண்டி சீனியில் 12 கிராம் மாவுச்சத்து என்றால் ஒரு மேஜைக்கரண்டித் தேனில் 17. நன்னாரி சர்பத் பாட்டிலில் நன்னாரி கொஞ்சம், பாகுதான் அதிகம். பேரீச்சை சிரப்பும் அதே கணக்கு. எதுவும் வேண்டாம். இஞ்சி, புதினா, சீரகம், மிளகு, கறிவேப்பிலை, இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் நாக்கு இனிப்பைத் தேடுவதை விட்டுவிடுகிறது. அம்மாவுக்குப் பன்னிரண்டாவது நாள் மாறியது.

7. எந்த நேரத்தில்

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். பழம் சேர்ந்த எதற்கும் அது மோசமான நேரம். விடியற்காலையில் உடம்பு தானாகவே சுரக்கும் ஹார்மோன்களால் பலருக்கு அப்போதுதான் சுகர் ஏறியிருக்கும், அதன் மேல் சாற்றை ஊற்றினால் ஏறின மேட்டிலிருந்து இன்னும் மேலே போகும். எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை.

சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்த உடன் குடியுங்கள். பருப்பும் காயும் எண்ணெயும் வயிற்றில் இருக்கும்போது சாறு மெதுவாகத்தான் நகரும். பழம் சேர்ந்த ஜூஸ் குடிக்கும் வேளையில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு இட்லியில் பத்துக் கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும், 75 மில்லி சாத்துக்குடிச் சாறு அதற்குள் அடங்கிவிடும். இதை யாரும் செய்வதில்லை. ஜூஸைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காமல் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ராத்திரி படுக்கப் போகும் நேரம் வேண்டாம். காய்ச்சல், வாந்தி, சுகர் 250-க்கு மேல் நிற்கும் நாட்கள், அப்போதும் பழ ஜூஸ் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

8. கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள்

தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை அம்மா சாத்துக்குடி உரித்துக் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுகர் பார்த்தாள். 312 காட்டியது. "ஏட்டி, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. சோப்புப் போட்டுக் கழுவ வைத்துத் திரும்பக் குத்தினேன், 148.

பழச்சாறு விரலில் காய்ந்து ஒட்டியிருந்தால் ரத்தத்துளி அதையும் கரைத்துக்கொண்டு ஸ்ட்ரிப்பில் ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது. சோப்பு, ஓடுகிற தண்ணீர், நன்றாக ஈரம் துடைத்த பிறகு குத்துதல், இந்த வரிசைதான். ஜூஸ் போட்ட அதே கையால் சோதிக்கும் வீட்டில் இது நடக்கத்தான் செய்யும். அந்த 312-ஐ நம்பி யாராவது இன்சுலினைக் கூட்டிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

9. மூன்று நாள் சோதனை

இதுதான் முக்கியமான படி, நேரம் எடுத்துச் செய்யுங்கள். ஒரே ஜூஸ் அம்மாவுக்கு ஒரு மாதிரியும் எதிர்வீட்டு ஆச்சிக்கு வேறு மாதிரியும் ஏறுகிறது, அதனால் யாருடைய பட்டியலையும் விட உங்கள் நோட்டுதான் உங்களுக்குச் சரியான பதில் சொல்லும்.

முதல் நாள் ஜூஸ் இல்லாமல். காலையில் மூன்று இட்லி, சாம்பார், வழக்கமான மாத்திரை. சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. மூன்றையும் எழுதுங்கள்.

இரண்டாம் நாள் அதே மூன்று இட்லி, அதே சாம்பார், அதே நேரம், கூட ஜூஸ், காய் என்றால் 150 மில்லி, பழம் சேர்ந்தால் 75. அதே மூன்று ரீடிங். மூன்றாம் நாள் இரண்டாம் நாளைப் போலவே இன்னொரு முறை.

இட்லி இல்லாமல் ஜூஸ் மட்டும் குடித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். நீங்கள் தினமும் குடிக்கப் போவது சாப்பாட்டோடுதானே, அப்போது என்ன ஆகிறது என்பதுதான் தெரிய வேண்டும். ஜூஸ் சேர்த்த அன்றைக்கு இட்லிக்குப் பதில் தோசை ஆகிவிட்டால் ஏறினது தோசையாலா ஜூஸாலா என்று சொல்ல முடியாது. புதியவர்களில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வேலைக்காரம்மா வராத அன்றைக்கும் வீட்டில் விசேஷம் உள்ள அன்றைக்கும் சோதனை வைக்காதீர்கள், நடையும் வேலையும் மாறினால் ரீடிங் மாறும்.

இன்னொரு தவறு, இரண்டு மணி நேர ரீடிங்கை மட்டும் பார்ப்பது. சாறு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கக்கூடியது. இரண்டு மணி நேரத்தில் 160 என்று பார்த்து நிம்மதியாக இருப்பார்கள், ஒரு மணி நேரத்தில் 240-க்குப் போய்வந்தது தெரியவே தெரியாது.

எண்களை எப்படிப் படிப்பது? வீட்டு மீட்டருக்கு உள்ள சர்வதேசத் தரமே 100-க்கு மேல் உள்ள அளவில் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. 140 என்று காட்டினால் உண்மையில் 119-ஆகவும் இருக்கலாம், 161-ஆகவும் இருக்கலாம். அதனால் பத்து, பதினைந்து வித்தியாசத்தைப் பார்த்து ஒரு ஜூஸை நல்லது கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜூஸ் இல்லாத நாளைவிட இரண்டு நாளுமே ஒரு மணி நேர ரீடிங் 30-க்குள் கூடியிருந்தால் எங்கள் வீட்டில் அந்த ஜூஸை வைத்துக்கொள்வோம். முப்பதிலிருந்து ஐம்பது என்றால் அளவைப் பாதியாக்கித் திரும்பப் பார்ப்போம். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுவோம். இது எங்கள் கணக்கு. பொதுவாகப் பெரியவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு 180-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பார்கள், வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான்.

ஒரு ஜூஸுக்கு ஒன்பது ஸ்ட்ரிப் ஆகும், விலை எனக்கும் தெரியும். முதல் நாள் ரீடிங்கைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம், அதை வைத்தே நாலைந்து ஜூஸைச் சோதித்துவிடலாம். எலுமிச்சைக்கும் மோருக்கும் இந்தச் செலவு தேவையே இல்லை. காரட், பீட்ரூட், பழம் சேர்ந்தவைக்கு மட்டும் செய்யுங்கள்.

பழம் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. மாம்பழம், திராட்சை, சப்போட்டா, வாழைப்பழம் இவற்றை ஜூஸாகச் சோதிக்கவே போகாதீர்கள். சப்போட்டா 100 கிராமில் இருபது கிராம் மாவுச்சத்து, அதைப் பாலும் சீனியும் சேர்த்து அடித்தால் எந்த மீட்டரும் வேண்டாம், பதில் தெரிந்ததுதான். ஆசையாக இருந்தால் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு துண்டு கடித்துச் சாப்பிடுங்கள். கொய்யா என்றால் இன்னும் நல்லது, அதில் நார் கூடுதல்.

10. பாகற்காய் ஜூஸ்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் கடைசிப் பக்கமாக வைத்தேன், முதல் ஜூஸாக இதைத் தொடங்கக்கூடாது என்பதற்காக. பாகற்காய்க்குச் சுகரைக் கொஞ்சம் குறைக்கும் தன்மை இருக்கிறது. மாத்திரைக்கு ஈடாக நிற்கும் அளவுக்கு இல்லை. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து கூடுதலாக இறக்கிவிடலாம்.

அம்மாவுக்கு அது நடந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஆறு மிதிபாகலை அரைத்து வெறும் வயிற்றில் முழு டம்ளர் குடித்தாள், கிளிமிபிரைடு போட்டாள், கசப்பில் குமட்டி இட்லியை ஒன்றோடு நிறுத்திவிட்டாள். பதினோரு மணிக்கு, "ஏட்டி, கிறுகிறுன்னு வருதுட்டி" என்று திண்ணையில் உட்கார்ந்தவளின் முதுகு முழுக்க வேர்வை. மீட்டரில் 54.

குடித்தே தீர வேண்டும் என்றால் விதை நீக்கி, 30 மில்லிக்கு மேல் போகாமல், சாப்பாட்டோடு, சாப்பாட்டைக் குறைக்காமல், வாரத்தில் இரண்டு நாள். முதல் வாரம் குடித்த ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர். கர்ப்பிணிகளும், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் கோளாறு) உள்ளவர்களும் தொட வேண்டாம். என்னைக் கேட்டால் பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுவதே போதும்.

11. லோ சுகருக்கான ஜூஸ் வேறு

மேலே சொன்ன எதையும் இங்கே செய்யக்கூடாது. சுகர் 70-க்குக் கீழே போய்விட்டால் சீக்கிரம் ஏற வேண்டும், அப்போது நாரும் மோரும் தடை. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுங்கள், 15 கிராம் கணக்கு. பவுடர் இல்லையென்றால் வடிகட்டின பழச்சாறு அரை டம்ளர், அதாவது 120 மில்லி, அல்லது மூன்று நாலு டீஸ்பூன் சீனித்தண்ணீர். பதினைந்து நிமிடம் கழித்து மீட்டர். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. ஏறினதும் இட்லியோ பிஸ்கெட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப இறங்கும். கிளிமிபிரைடால் வந்த லோ சுகர் பல மணி நேரம் கழித்தும் திரும்ப வரக்கூடியது, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் படியில் வோக்லிபோஸ், அகார்போஸுக்கு வட்டம் போட்டீர்களே, அவர்களுக்குச் சீனித்தண்ணீர் சரிவராது. அந்த மருந்து குடலில் சீனியை உடைக்க விடாமல் தடுப்பதுதான், ஆகவே சீனி மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அதனால்தான் வாங்க வேண்டியவற்றில் அதையும் சேர்த்தேன். ஒரு பொட்டலம் வீட்டில், இன்னொன்று வெளியே போகும் பையில்.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

12. வெளியே போகும்போது

பனைச் சீசனில் ரோட்டோரம் பனம்பட்டையில் பதனியும் நுங்கும் தருவார்கள். பதனி 100 மில்லியில் பத்துக் கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், சுண்ணாம்பு போட்டிருப்பது புளிக்காமல் இருப்பதற்காக, சர்க்கரையைக் குறைப்பதற்காக இல்லை. நுங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், பதனியை இரண்டு வாயோடு நிறுத்துங்கள். கரும்புச்சாறு ஒரு டம்ளரில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதை விட்டுவிடுவதுதான் சரி. ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போனால் பானக்காரம் ஒரு பக்கம் தருவார்கள், நீர்மோர் ஒரு பக்கம் தருவார்கள், மோருக்குப் போய்விடலாம். ஜூஸ் கடையில் "சீனி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சிரப்பை ஊற்றிவிடுவார்கள். "சீனியும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம், லெமன், உப்பு, தண்ணீர் மட்டும்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்கள் வீட்டில்தான் கஷ்டம். மைனி டம்ளரோடு வந்து நிற்கும்போது வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். நாங்கள் கிளம்பும் முன்பே போனில் சொல்லிவிடுகிறோம்: "அம்மாவுக்கு மோர் மட்டும் எடுத்து வைங்க மைனி, உப்புப் போட்டு." கேட்டு வாங்கிக் குடித்தால் அவர்களுக்கும் சந்தோஷம்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) ரிப்போர்ட்டோடு அந்த நாற்பது பக்க நோட்டையும் கொண்டுபோங்கள். தேதி, என்ன சாப்பாடு, என்ன ஜூஸ், எந்தக் கோடு வரைக்கும், மூன்று ரீடிங், இப்படி ஒரு வரிக்கு ஒரு நாளாக எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.